கியூ தோட்டத்து பாம் ஹவுஸ்: போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து லண்டனுக்கு வருகிறவர்களைக் கியூ தோட்டத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றால் கேள்விகள் வரிசையாக வரும். அநேகமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள்தான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாம் ஹவுஸ் என்றால் என்ன?

லண்டனின் தென்மேற்கு மூலையில், தேம்ஸ் கரையோரம் இருக்கிறது கியூ அரச தாவரவியல் தோட்டம். 1759இல் அரச குடும்பத்தின் சொந்தத் தோட்டமாகத் தொடங்கி, 1840இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2003இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அதன் நடுநாயகமான கண்ணாடிக் கட்டடம்தான் பாம் ஹவுஸ், அதாவது பனை வீடு. 1844இல் வேலை தொடங்கி 1848இல் முடித்தார்கள். வெப்பமண்டல மழைக்காட்டுச் செடிகளுக்காகவே கட்டியது.

தென்னையையும் வாழையையும் பார்க்கவா இவ்வளவு காசு? நம்ம கொல்லையிலேயே இருக்கே!

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. உள்ளே தென்னை, வாழை, மிளகுக்கொடி, கோகோ என்று நமக்குப் பழகிய முகங்கள் நிறைய. ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று வாழைக்குலையை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நம் சித்தப்பா 'இதிலென்ன இருக்கு' என்று நிற்பார். அது வழக்கமாக நடப்பது.

என் பதில் இதுதான்: நீங்கள் செடி பார்க்கப் போகாதீர்கள். அந்தச் செடிகளை உயிரோடு வைத்திருக்க ஒரு குளிர்நாடு என்ன பாடுபட்டது, எதற்காகப் பட்டது என்று பார்க்கப் போங்கள். அப்படிப் போனால் அந்த வாழையே வேறு மாதிரி தெரியும். வெளியே பனி கொட்டும்போது உள்ளே ஒரு வாழைக்குருத்து விரிய வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் இரும்பு, கண்ணாடி, நிலக்கரி, சுரங்கம், தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள் எல்லாம் வேண்டும். இதில் ஆசை மட்டுமல்ல, கணக்கும் உண்டு. எந்தச் செடி எந்தக் காலனியில் காசாகும் என்பதும் கியூவின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்தக் கணக்கில் நம் ஆட்களும் வருகிறார்கள். ரப்பர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உள்ளே இருப்பவற்றில் பல, தம் சொந்தக் காட்டில் அழிந்துகொண்டிருப்பவை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பூர்வீகம் மடகாஸ்கர். வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் அதிலிருந்து வந்தவை. நாம் சுடுகாட்டுப்பூ என்று ஒதுக்கும் செடியை அங்கே தனியாகப் பெயர்ப்பலகை வைத்து வளர்க்கிறார்கள்.

கட்டடத்தில் அப்படி என்ன விசேஷம்?

வெளியே குளத்தின் எதிர்க்கரையில் நின்று ஒருமுறை முழுசாகப் பாருங்கள். ஒரு பெரிய கப்பலைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அது தற்செயல் இல்லை. 363 அடி நீளம், 100 அடி அகலம், நடுவில் 66 அடி உயரம் உள்ள கூடத்தைத் தூண்கள் மறைக்காமல் எப்படி நிறுத்துவது என்பதுதான் அன்றைய சிக்கல். டெசிமஸ் பர்ட்டன் கட்டடக் கலைஞர். டப்ளினிலிருந்து வந்த ரிச்சர்ட் டர்னர் இரும்புப் பட்டறைக்காரர். கப்பல் தளத்துக்குப் போடும் இரும்பு விட்டங்களை வளைத்து விலாவாக நிறுத்தலாம் என்று கொண்டுவந்தவர் டர்னர்தான். அதனால் நடுக்கூடத்தில் 50 அடி அகலத்துக்குத் தூணே இல்லாமல் முடிந்தது. பெயர் பெரும்பாலும் பர்ட்டனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் டர்னருக்குச் சேர வேண்டியது.

கண்ணாடி சுமார் 16,000 பலகைகள். 1845இல் கண்ணாடி மீதான வரியை இங்கிலாந்தில் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இவ்வளவு கண்ணாடி போட்டுக் கட்டுவது கட்டுப்படியானது. முதலில் போட்டது பச்சை நிறக் கண்ணாடி. வெயில் இலையைக் கருக்கிவிடும் என்று பயந்து, செம்பு ஆக்சைடு கலந்து செய்தது. லண்டனில் கருக்குகிற வெயிலா என்று சிரிக்காதீர்கள், கண்ணாடிக்குள் ஜூலை மாத மத்தியானம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு நகரத்துப் புகையே சூரியனை மறைக்க ஆரம்பித்ததும் பச்சைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கண்ணாடி போட்டார்கள்.

அந்தக் காலத்துப் பெரிய கண்ணாடி மாளிகைகள் பல இன்று இல்லை. சாட்ஸ்வொர்த் என்ற பிரபு மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் கட்டியதை 1920இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவரே கட்டிய கிரிஸ்டல் பேலஸ் 1936இல் எரிந்துபோனது. பாம் ஹவுஸ் தப்பியதற்கு ஓயாத பராமரிப்பும் ஒரு காரணம். 1984 முதல் 1988 வரை உள்ளே ஒரு செடி விடாமல் காலி செய்து, கண்ணாடியைத் தாங்கும் சட்டங்களை எவர்சில்வரில் புதிதாகப் போட்டார்கள். மொத்தம் 16 கிலோமீட்டர் நீளத்துக்குச் சட்டம். கட்டி முடித்த நாளிலிருந்து முழுக்கக் காலி செய்தது அப்போதுதான் முதல்முறை.

உள்ளே இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது?

விக்டோரியா வாசலில் நுழைந்ததும் பக்கத்தில் உயரமான ஒரு செங்கல் கோபுரம் தெரியும். இத்தாலியப் பாணியில் மணிக்கூண்டு மாதிரி இருக்கும். யாரும் நின்று பார்ப்பதில்லை. அதுதான் பாம் ஹவுஸின் புகைபோக்கி.

அழகான கண்ணாடி மாளிகை பக்கத்தில் புகை கக்கும் குழாய் இருந்தால் பார்க்க நன்றாக இருக்குமா? அதனால் கொதிகலன்களைக் கட்டடத்துக்கு அடியிலேயே வைத்து, புகையைச் சுரங்கம் வழியாகக் கோபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே சுரங்கத்தில் சின்னதாகத் தண்டவாளம் போட்டு நிலக்கரியை உள்ளே தள்ளினார்கள். தரையில் இருக்கும் இரும்புக் கம்பிவலை வழியே சூடு மேலே ஏறும். காகிதத்தில் எல்லாம் பிரமாதம். நடைமுறையில் புகை அவ்வளவு தூரம் ஒழுங்காக இழுக்கவில்லை, கொதிகலன் அறையில் நிலத்தடி நீர் வேறு புகுந்துகொண்டது. ஆற்றங்கரையில் பள்ளம் தோண்டினால் அப்படித்தான். கொஞ்ச காலம் திண்டாடிவிட்டு ஏற்பாட்டை மாற்றினார்கள். நிலக்கரி போய் எண்ணெய் வந்து, அப்புறம் எரிவாயு வந்தது.

தரையில் அந்த இரும்பு வலையைக் கவனியுங்கள். பாதையில் நடக்கும்போது காலடியில் டங் டங் என்று கேட்கும். குளிர்காலத்தில் அதன்மேல் ஒரு நிமிடம் நின்றால் பாதம் சுகமாக இருக்கும்.

உலகிலேயே வயதான தொட்டிச் செடி அங்கேதான் இருக்கிறதாமே?

ஆமாம், தெற்குக் கோடியில். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியைச் சேர்ந்த சைகட். நம் ஊர் நர்சரிகளில் சைகஸ் என்று விற்கும் செடிக்குத் தூரத்துச் சொந்தம். கியூ அனுப்பிய முதல் தாவர சேகரிப்பாளர் ஃபிரான்சிஸ் மேசன், கேப்டன் குக்கின் கப்பலில் 1772இல் கேப் பகுதிக்குப் போனவர். அவர் தோண்டி எடுத்துக் கொண்டுவந்த செடி இது. 1775இல் கியூவுக்கு வந்து சேர்ந்தது. வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்பதற்கு ஐந்து ஆண்டு முன்னால். அதாவது கட்டடத்தைவிடச் செடிக்கு வயது அதிகம். பாம் ஹவுஸ் எழும்பும்போதே அது எழுபது வருடத் தொட்டிச் செடி.

பார்க்க ஒன்றும் கம்பீரமாக இருக்காது. நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து, முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். தண்டு முழுக்க உதிர்ந்த மட்டைகளின் தழும்பு வரிவரியாக, செதில் செதிலாக இருக்கும். நுனியில் மட்டும் முள் வைத்த கரும்பச்சை ஓலை. நீளம் 4 மீட்டருக்கு மேல், எடை ஒரு டன்னைத் தாண்டும். ஆண்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான் வளரும் என்று கணக்கு. 2009இல் புது மரப்பெட்டிக்கு மாற்றினார்கள்.

இது ஆண் மரம். கியூவில் இருந்த இத்தனை காலத்தில் ஒரே ஒரு தடவைதான் கூம்பு விட்டிருக்கிறது, 1819இல். அதைப் பார்க்கவென்றே முதிய வயதில் தாவரவியலாளர் சர் ஜோசப் பேங்க்ஸ் வந்தார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். அதற்கப்புறம் இன்றுவரை அது கூம்பு விடவில்லை. பலர் இதைக் கவனிக்காமலே கடந்துபோவார்கள். நீங்கள் அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

ரப்பர் மரம் கியூவிலிருந்துதான் ஆசியாவுக்கு வந்ததா?

பெரும்பாலும் ஆமாம். மலேசியாவிலோ இலங்கையிலோ தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டி இருந்தால், இந்தக் கதை உங்கள் குடும்பக் கதை.

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் கொண்டுவந்தார். ரப்பர் விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும். எண்ணெய்ப் பசை உள்ள விதை, வழியிலேயே கெட்டுப்போகும். ஆகவே விதை வந்து இறங்கியதும் கியூவில் உடனே நாற்றங்கால் வீடுகளில் போட்டார்கள். (பாம் ஹவுஸில் அல்ல. அங்கே நிற்கும் ரப்பர் மரத்தைக் காட்டிச் சிலர் அப்படிச் சொல்வார்கள், நம்பாதீர்கள்.) முளைத்தது 2,700 சொச்சம். நூற்றுக்கு நாலு.

அதே ஆண்டில் சுமார் 1,900 நாற்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. எப்படி அனுப்பினார்கள் என்பதும் சுவாரசியம்தான். வார்டியன் பெட்டி என்று ஒன்று உண்டு. கண்ணாடிக் கூரை போட்டு இறுக்கி மூடிய மரப்பெட்டி. உள்ளே மண்ணில் இருக்கும் ஈரமே ஆவியாகி, கண்ணாடியில் பட்டு, திரும்பச் சொட்டும். மாதக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உப்புக்காற்றும் படாது. பாம் ஹவுஸ் செய்யும் அதே வேலையைக் கப்பல் தளத்தில் செய்த பெட்டி. அப்படிப் போன நாற்றுகளை கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடை தோட்டத்தில் நட்டார்கள். அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் இந்த வம்சத்திலிருந்து வந்தவை.

மரம் போன வழியில் ஆட்களும் போனார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து அனுப்பினார்கள். லயத்து வீடு (வரிசை வீடு), விடியும் முன் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு), வாளியும் கத்தியுமாகப் பால் வெட்டு என்று ஒரு சமூகமே உருவானது. கியூவில் அந்த மரத்தின் பட்டையைப் பார்த்துப் பேச்சு நின்றுபோன மலேசிய உறவினரை நான் பார்த்திருக்கிறேன். பெயர்ப்பலகையில் தாவரப் பெயரும் குடும்பமும் பூர்வீகமும்தான் இருக்கும். வெட்டியவர்களைப் பற்றி அதில் இருக்காது.

நீலகிரிக்கும் கியூவுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பாம் ஹவுஸ் முடிந்த அதே 1848இல் ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைக்க வந்த மெக்ஐவர், கியூவில் வேலை கற்றவர். 1860களில் மலேரியா மருந்தான கொயினாவுக்காகத் தென்னமெரிக்கச் சின்கோனா மரம் நீலகிரிக்கு வந்ததும் கியூ வழியாகத்தான்.

மரம் வளர்ந்து கூரையை முட்டினால் என்ன செய்வார்கள்?

வெட்டிவிடுவார்கள். வேறு வழியில்லை. மாமரம் என்றால் கிளையைக் கழிக்கலாம். பனை, தென்னை இனத்துக்கு ஒரே குருத்து. அதைத் தொட்டால் மரம் போச்சு. ஆரம்பத்தில் எல்லாமே பெரிய தொட்டிகளில்தான் இருந்தன, 1860இல் நடுவில் பாத்தி தோண்டி உயரமானவற்றை மண்ணில் நட்டார்கள். வேர் ஓடியதும் வேகமாக உயரம் போட்டன. அப்படி ஒன்று கண்ணாடியைத் தொடும்போது அதன் காலம் முடிந்தது, அடுத்த கன்றுக்கு இடம்.

அவ்வளவு ஈரத்தில் பூச்சி வராதா?

வரும். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இப்படிப்பட்ட இடங்களின் நிரந்தரக் குடியிருப்பாளர்கள். மக்கள் நடமாடும் இடத்தில் மருந்து அடித்துக்கொண்டே இருக்க முடியாது என்பதால் பூச்சியைத் தின்னும் பூச்சியை விடுவார்கள்: பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி இப்படி. நம் ஊரில் கொய்யாவுக்கும் திராட்சைக்கும் கிரிப்டோலேமஸ் வண்டு விடுவார்களே, அதே முறை. இலைக்காம்பில் சின்ன அட்டையோ பொட்டலமோ தொங்கினால் குப்பை என்று எடுத்துவிடாதீர்கள், வண்டுக்கோ குளவிக்கோ வீடாக இருக்கலாம்.

எந்த மாதம் போவது நல்லது?

எல்லோரும் மே, ஜூன் என்பார்கள். தோட்டம் பார்க்க அது சரி. பாம் ஹவுஸ் பார்க்க ஜனவரி, பிப்ரவரிதான். வெளியே மூக்கு நுனி மரத்துப்போகும் குளிர். இரட்டைக் கதவைத் தாண்டியதும் மூக்குக் கண்ணாடி சட்டென்று பாலாக மூடிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. முதலில் வருவது வாசனைதான்: மழை பெய்து ஓய்ந்த தோப்பின் மண் வாசனை. மதுரைக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ, தோள் தானாக இறங்கிவிடும். இது கோடையில் கிடைக்காது. கூட்டமும் குறைவு, டிக்கெட்டும் கோடையைவிட மலிவு.

ஒரே குறை, பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். கண்ணாடி வீடுகளைத் தோட்டத்துக்கு முன்பே மூடுவார்கள். காலை 10 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே இருங்கள். உள்ளே போனதும் கோட்டைக் கழற்ற வேண்டிவரும், அதனால் அடியில் மெல்லிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டையோடு வந்து வியர்வையில் நனைந்து, பிறகு குளிரில் வெளியே போனால் ஜலதோஷம்தான்.

எப்படிப் போவது?

டிஸ்ட்ரிக்ட் லைனில் ரிச்மண்ட் போகும் ரயில். அதே லைனில் விம்பிள்டன், ஈலிங் போகும் ரயில்களும் வரும், பலகையைப் பார்த்து ஏறுங்கள். கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கினால் விக்டோரியா வாசல் பத்து நிமிடத்துக்குள் நடை. உள்ளே நுழைந்தால் பாம் ஹவுஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம். அதற்கென்று தனி டிக்கெட் கிடையாது, தோட்ட டிக்கெட்டே போதும். இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் விலை குறையும். நாலு வயதுக்குக் கீழே இலவசம். டிசம்பர் 24, 25 இரண்டு நாளும் விடுமுறை.

அம்மாவுக்கு முட்டி வலி. சமாளிப்பாரா?

தரைத்தளத்தில் தாராளமாக. சக்கர நாற்காலியும் போகும். மேலே 9 மீட்டர் உயரத்தில் சுற்றி வரும் நடைபாதைக்கு மட்டும் வெள்ளை இரும்புச் சுழல்படி ஏற வேண்டும். படி குறுகல், ஈரத்தில் கொஞ்சம் வழுக்கும், லிஃப்ட் இல்லை. சூடு மேலே போய்த் தங்குவதால் அங்கே மூச்சு முட்டும். வெயில் அதிகமான நாட்களில் அதை மூடியும் வைப்பார்கள். முடிந்தவர்கள் கட்டாயம் ஏறுங்கள். தென்னை மட்டையின் முதுகைப் பார்க்கும் உயரத்தில் நாம் எப்போது நின்றிருக்கிறோம்? அம்மாவுக்கு ஆஸ்துமாவோ இதயத் தொந்தரவோ இருந்தால் கீழேயும் ரொம்ப நேரம் வைத்திருக்க வேண்டாம்.

குழந்தைகள்?

பாம் ஹவுஸில் கால்மணி நேரம் தாங்குவார்கள், சுழல்படிக்காக இன்னும் ஐந்து நிமிடம். அதன் முகப்பில் வரிசையாக நிற்கும் பத்துக் கல் விலங்குகள் அவர்களுக்குப் பிடிக்கும், யாளி மாதிரி சில உண்டு. அப்புறம் சிறுவர் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

வேறு கண்ணாடி வீடுகளும் இருக்கின்றனவா?

மூன்றைச் சொல்லலாம். பாம் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே 1852இல் கட்டிய அல்லி வீடு. ராட்சத அமேசான் அல்லிக்காகக் கட்டியது. குளிர்காலத்தில் மூடியிருக்கும். 2022இல் 'விக்டோரியா பொலிவியானா' என்று ஒரு புது இனத்தைக் கியூவின் ஆட்கள் அறிவித்தார்கள். இலை மூன்று மீட்டர் வரை விரியும். அதன் உலர்ந்த மாதிரி 177 ஆண்டுகளாகக் கியூவின் அலமாரியிலேயே இருந்திருக்கிறது, வேறு இனம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, மிதவெப்ப நாட்டுச் செடிகளுக்கான டெம்பரேட் ஹவுஸ். இதுவும் பர்ட்டன் கட்டியது, பாம் ஹவுஸைவிடப் பெரிது. அங்கே தென்னாப்பிரிக்கச் சைகட் ஒன்று இருக்கிறது, வுட் என்பவரின் பெயரைத் தாங்கியது. 1895இல் ஒரே ஒரு ஆண் மரமாகக் கண்டுபிடித்தார்கள். பெண் மரம் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. உலகத்தில் இப்போது உள்ளவை எல்லாம் அந்த ஒரே மரத்தின் பக்கக் கன்றுகள்.

மூன்றாவது, 1987இல் திறந்த வேல்ஸ் இளவரசி கண்ணாடி வீடு. பாலைவனம் முதல் மழைக்காடு வரை பத்து விதத் தட்பவெப்பம். பிண நாற்றம் அடிக்கும் ராட்சத சுமாத்திராப் பூ அங்கேதான். சுமாத்திராவுக்கு வெளியே அது முதலில் பூத்தது கியூவில், 1889இல். 1926இல் பூத்தபோது கூட்டத்தை அடக்கப் போலீஸ் வந்தது. நம்ம ஊர் சேனைக்கிழங்குக்கு அது நெருங்கிய சொந்தம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

படம் எடுக்கலாமா? சாப்பாடு கொண்டு போகலாமா?

சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம். லென்ஸ் உள்ளே போனதும் மூடிக்கொள்ளும், பத்து நிமிடம் கேமராவை வெளியே எடுத்து வைத்திருந்தால் தெளிந்துவிடும். கட்டுச்சோறு புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம், கண்ணாடி வீட்டுக்குள் வேண்டாம். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே ஓயாமல் போகும். அதைப் பார்க்கவே ஒரு மாமா வருவார்.

மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேனே?

உண்மைதான். பாம் ஹவுஸையும் அல்லி வீட்டையும் 2027இல் தொடங்கிச் சில ஆண்டுகள் மூடி, முழுக்கப் புதுப்பிக்கும் திட்டத்தைக் கியூ அறிவித்திருக்கிறது. கண்ணாடியை எல்லாம் மாற்றி, எரிவாயுக் கொதிகலனை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு வைக்கப்போகிறார்கள். ஒற்றைக் கண்ணாடி வழியாகச் சூடு வீணாவதைப் பார்த்தால் இது எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. செடிகள் அதுவரை தற்காலிகக் கூடங்களில் இருக்கும். எனவே டிக்கெட் எடுக்கும் முன் கியூவின் இணையதளத்தில் பாம் ஹவுஸ் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு சின்னத் துண்டு கிள்ளி வந்து வீட்டில் நடலாமா?

நம்ம ஆட்களுக்கு வரும் ஆசைதான். கூடாது. அங்கே ஒவ்வொரு செடிக்கும் பதிவு எண் உண்டு, எந்த ஆண்டு வந்தது என்பது அந்த எண்ணிலேயே இருக்கும். சிலவற்றுக்கு உலகத்தில் வேறு நாலைந்து பிரதிதான். விக்டோரியா வாசல் கடையில் வாங்கும் செடியைக்கூட அப்படியே பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோக முடியாது. இந்தியாவுக்குச் செடியோ விதையோ கொண்டுபோகத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், விமான நிலையத்தில் கேட்டால் பறித்து வைத்துவிடுவார்கள்.